போர்ஜ்ட் பிஸ்டன்: தெரிவும் பொருத்தலும்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இஞ்சின் தட்டும் சத்தம் புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் அரிதானது. மொரிஸ் மைனரும் ஏ40 சோமர்செட்டும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பாரம் கூடினால் இஞ்சின் தட்டும். ஒக்ரேன் குறைந்த எரிபொருளில், எரிந்து முடியாத மிச்சக் கலவை தானாக வெடிப்பதுதான் அந்தச் சத்தம். அழுத்த விகிதம் ஏறத்தாழ 7:1 ஆக இருந்ததால் பழைய இஞ்சின்கள் அதைத் தாங்கின.

இன்று மோர்னிங்சைட் பக்கத்து வீட்டுக் கராஜ்களில் எங்கள் பிள்ளைகள் பிரித்து வைத்திருக்கும் டர்போ இஞ்சின்கள் அப்படித் தாங்காது. நன்கு தெரிந்த உதாரணம் சுபாரு எஸ்ரிஐ. 2004 முதல் 2021 வரை வட அமெரிக்காவில் விற்ற அதன் 2.5 லீற்றர் இஞ்சினில் இருப்பது வார்ப்புப் பிஸ்டன். சிலிக்கன் அதிகம் கலந்ததால் தேய்மானம் குறைவு, ஆனால் நொறுங்கும் தன்மை உண்டு. டர்போ அழுத்தத்தைக் கூட்டி ஓடும்போது தட்டினால், வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய வரம்பு உடைந்துவிடும். பிறகு புகை, எண்ணெய்ச் செலவு, முழு இஞ்சின் வேலை.

ஆகவே போர்ஜ்ட் பிஸ்டன், அதாவது அச்சில் அழுத்தி அடித்து உருவாக்கியது. இதில் இரண்டு கலப்புலோகங்கள் உண்டு. 4032இல் சிலிக்கன் ஏறத்தாழ 12 வீதம். சூட்டில் குறைவாக விரியும். 2618இல் சிலிக்கன் மிகக் குறைவு. உடையாமல் வளைந்து கொடுக்கும், ஆனால் அதிகம் விரியும். அதனால் சிலிண்டருக்குள் கூடுதல் இடைவெளி விட வேண்டும். 100 மி.மீ. அளவுச் சிலிண்டருக்கு 4032 என்றால் 0.06 முதல் 0.08 மி.மீ., 2618 என்றால் 0.09 முதல் 0.11 மி.மீ. வரை பொதுவாக வரும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் உள்ள அளவே இறுதி.

விற்பவர் 2618ஐத்தான் 'பலமானது' என்று காட்டுவார். பலமானதுதான். ஆனால் ரொறன்ரோவில் ஜனவரி காலையில் ஸ்ரார்ட் பண்ணினால், அந்தக் கூடுதல் இடைவெளியில் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும். சூடேறும்வரை டீசல் லொறி போலச் சத்தம் கேட்கும். தினமும் வேலைக்கும் வகுப்புக்கும் போகும் கார், மிதமான டர்போ அழுத்தம் என்றால் 4032 போதும். குளிர்காலத்தில் மூடி வைத்துவிட்டு பந்தயத் தடத்துக்கு மட்டும் எடுக்கும் காருக்கு 2618.

வாங்கும் ஒழுங்கிலேயே பலர் பிழை விடுகிறார்கள். முதலில் மெஷின் கடையில் சிலிண்டரை அளந்து, எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கேளுங்கள். அதன்படி பிஸ்டன் வாங்கி, அந்தப் பிஸ்டன்களையும் கையோடு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி சிலிண்டரை ஹோன் பண்ணச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டுகளை இறுக்கும்போது சிலிண்டர் சற்றுக் கோணுவதால், டோர்க் பிளேற் பூட்டித்தான் ஹோன் பண்ண வேண்டும். அந்தப் பிளேற் இல்லாத கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

அளக்கும்போது பிஸ்டனும் புளொக்கும் ஒரே வெப்பநிலையில், 20 பாகை அளவில் இருக்க வேண்டும். காரின் டிக்கிக்குள் கிடந்து 20 பாகை கூடுதலாகக் குளிர்ந்த பிஸ்டன் ஏறத்தாழ 0.04 மி.மீ. சுருங்கியிருக்கும். விடப்போகும் இடைவெளியில் பாதி அதுவே! உடனே அளந்தால் இடைவெளி போதும் என்று தெரியும். ஓடும்போது பிஸ்டன் இறுகிப் பிடிக்கும். இரவு முழுக்க வீட்டுக்குள் வைத்துவிட்டு அளவுங்கள். பாவாடைப் பகுதியில் எந்த இடத்தில் அளப்பது என்பதும் தாளில் இருக்கும்.

மேல் வளையத்தின் முனை இடைவெளி அடுத்தது. டர்போ இஞ்சினுக்குச் சிலிண்டர் விட்டத்தை 0.0055ஆல் பெருக்கினால், 99.5 மி.மீ. சிலிண்டருக்கு 0.55 மி.மீ. வரும். வளையத்தைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து பீலர் கேஜால் பாருங்கள், குறைந்தால் அராவுங்கள். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி, புதிய பிஸ்டனின் வரம்பும் உடையும். பின்னைப் பிடிக்கும் கம்பிப் பூட்டுகளை ஒருமுறை கழற்றினால் திரும்பப் பாவிக்கக் கூடாது. இரண்டு டொலரை மிச்சம் பிடித்து சிலிண்டரைக் கீறிக்கொண்டவர்கள் உண்டு.

பழைய டியூனிங்குடன் புதிய இஞ்சினை ஓட்டக் கூடாது. போர்ஜ்ட் பிஸ்டன் தட்டுவதை நிறுத்தாது, உடைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். 94 ஒக்ரேனுக்கு டியூன் பண்ணினால், 91 அடித்து ஓட்டக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு விசயம். பல வீடுகளில் கார் அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. இஞ்சினை மாற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். ஒன்ராறியோவில் 80 கி.மீ.க்குக் குறைந்த வேகக் கட்டுப்பாடுள்ள வீதியில் 40 கி.மீ. மிஞ்சினால் அது 'ஸ்ரண்ட்' குற்றம்: சாரதிப் பத்திரம் 30 நாள், கார் 14 நாள் பறிபோகும், கார் யாருடையதாக இருந்தாலும். வேகம் பார்க்க வேண்டுமென்றால் 401இல் கிழக்கே போனால் பௌமன்வில்லுக்கு வடக்கே 1961இல் திறந்த மொஸ்போர்ட் தடம் இருக்கிறது. இப்போதைய பெயர் கனேடியன் ரயர் மோட்டர்ஸ்போர்ட் பார்க். அங்கே போகுமுன் புதிய வளையங்கள் சிலிண்டரோடு பழக வேண்டும்: முதலில் மினரல் ஒயில், ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டம், விரைவிலேயே ஒயிலும் பில்ற்றரும் மாற்றல். கழற்றிய பில்ற்றரை எறியாமல் வெட்டிப் பாருங்கள், உள்ளே உலோகத் துகள் மின்னுகிறதா என்று.