அவ்வையின் நாக்கு

புறநானூற்றின் 235ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சிரிப்பு கிளம்பும். அதியமான் இறந்தபின் அவ்வை பாடிய கையறுநிலை அது. கள் கொஞ்சம் கிடைத்தால் தனக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தான் பாடப் பாட உடனிருந்து குடிப்பான் என்று அவனை நினைத்து அழுகிறாள். “அம்மா, அவ்வையார் குடிப்பாங்களா?” என்று இந்த ஆண்டும் ஒரு மாணவி கேட்டாள். அவள் அறிந்த அவ்வை, 1953இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்த, திருநீறு பூசிய மூதாட்டி. ஆத்திசூடி எழுதிய அவ்வை பல நூற்றாண்டு பிந்தியவர். இருவரையும் ஒரே கிழவியாக்கி, கையில் நெல்லிக்கனியை மட்டும் கொடுத்துவிட்டோம்.

அந்தச் சிரிப்பின் அடியில் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். புதுக்கோட்டைக் கிராமங்களில் வளர்ந்த எங்களுக்குக் குடி என்பது ஆணின் சட்டையில் வரும் வாடை, அடகுக்குப் போன தோடு. கதவைத் திறந்ததும் வாடையை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று என் அம்மா கணித்துவிடுவாள். மதுவைப் பற்றி எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய்த்த நிபுணத்துவம் அவ்வளவுதான்.

அதே புறநானூற்றில் இன்னொரு பெண்ணின் நாக்கும் இருக்கிறது. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு. ஒல்லையூர் என்பது எங்கள் மாவட்டத்து ஒலியமங்கலம்தான் என்பார்கள். கணவன் இறந்தபின் தீப்பாயத் துணிந்த அவள், 246ஆம் பாட்டில் கைம்பெண்ணின் உணவைப் பட்டியலிடுகிறாள்: நெய் படாத, கையால் பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. அந்தச் சோற்றைவிட நெருப்பே மேல் என்கிறாள். ஒருத்தி அரசனோடு சமமாக உட்கார்ந்து கள் குடிக்கிறாள். இன்னொருத்திக்கு நெய்கூட மறுக்கப்படுகிறது. பெண்ணின் நாக்குக்கு என்ன கொடுக்கலாம் என்ற தீர்ப்பு அன்றே தொடங்கிவிட்டது.

சென்ற ஆண்டு எடின்பரோவில் வாழும் தோழியின் வீட்டில், மூன்று சிறிய கிளாஸ்களில் ஐலா தீவின் விஸ்கிகளை என் முன் வைத்தாள்: லகாவூலின், லஃப்ராய்க், ஆர்ட்பெக். முதலில் மோந்து பார், பிறகு நாக்கில் ஒரு சொட்டு, பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடியும் என்றாள். லஃப்ராய்க்கில் டிஞ்சர் வாடையும் கடற்பாசியும். லகாவூலினில் புகைக்குப் பின்னால் ஒரு கருப்பட்டி இனிப்பு. ஆர்ட்பெக் எலுமிச்சையாய்த் தொடங்கித் தொண்டையில் கொட்டியது. நாள்பட்ட தேறலுக்குத் தேள்கடியை உவமை சொன்ன அவ்வையின் 392ஆம் பாட்டு அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபது ஆண்டு அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

அந்தப் புகை எங்கிருந்து வருகிறது? பார்லியை நனைத்து முளைகட்ட வைத்து, உலர்த்தும்போது ‘பீட்’ எரிக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாதி மக்கிக் கிடந்த மண் அது. அதன் புகையிலுள்ள பீனால்கள் தானியத்தில் ஏறிக்கொள்ளும். பத்து லட்சம் பங்கில் எத்தனை என்று அதை அளக்கிறார்கள். லகாவூலினின் பார்லியில் 35 அளவு, ஆர்ட்பெக்கில் 50க்கு மேல்.

முளைத்த தானியம் நமக்குப் புதிதல்ல. அரிசிக் கூழை ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் ஊறவைத்துப் பிழிவதைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாகச் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நுளைமகள், அலை ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக்கி, கரும்புகை எழத் தீ மூட்டி, பழந்தேறலை அரிக்கிறாள். அது காய்ச்சி வடித்த விஸ்கி அல்ல. புகை அதன் ருசியில் ஏறியதா என்று பாட்டு சொல்லவில்லை. தீ மூட்டிய கை யாருடையது என்பதைச் சொல்கிறது. ஆனால் அதைக் குடிக்கக் கொடுப்பவர்கள் பரதவர்.

லஃப்ராய்க்கிலும் ஒரு பெண் உண்டு. 1934இல் தற்காலிகத் தட்டச்சராக வந்த பெஸ்ஸி வில்லியம்சன், 1954இல் அந்த ஆலைக்கே உரிமையாளரானார். 1972 வரை நடத்தினார். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் அவர் ஒரு விதிவிலக்கு.

குடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2003 முதல் டாஸ்மாக் சில்லறைக் கடைகளை அரசே நடத்துகிறது. அவற்றின் வாசலில் மறியல் செய்யும் பெண்களின் பக்கம்தான் நான். ஆனால் அரித்த கையையும் ருசித்த நாக்கையும் வரலாற்றிலிருந்து அழித்துவிட்டு, வாடையையும் அடியையும் மட்டும் நமக்கு மிச்சம் வைத்தது யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மாணவியிடம், “குடிச்சாங்கம்மா. அதைப் பாட்டாவும் எழுதினாங்க” என்றேன். கொஞ்சம் தயங்கி, நானும் ருசி பார்த்ததைச் சொன்னேன். வகுப்பில் இப்போது சிரிப்பில்லை. “எப்படிம்மா இருந்துச்சு?” என்றாள்.

“எங்க அப்பத்தா அடுப்படி மாதிரி” என்றேன். “பனையோலை எரிஞ்சு அணைஞ்ச பிறகு வருமே, அந்த வாசனை.”