மொட்டைமாடியில் தொடங்கும் மின்கட்டணம்

குளிர்நாடுகளில் அக்டோபர் வந்தால் ஜன்னல் இடுக்குகளை அடைத்து, கூரைக்கு அடியில் பஞ்சு விரித்து, வீட்டைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பல அரசுகள் அதற்குப் பணமே கொடுத்தன. சிறுசேரியில் குளிராவது ஒண்ணாவது! இங்கே பில் எகிறுவது சித்திரை, வைகாசியில். நம்மிடம் கோடைக்கு அப்படி ஒரு தயாரிப்பு இருந்ததா என்று தேடினேன். இருந்தது.

குடிசைக்குக் கீற்று மாற்றுவார்கள். சுவருக்குப் பொங்கல் சுண்ணாம்பு. பண்டிகைக்காக அடித்தாலும், வெயிலைத் திருப்பியனுப்பும் அந்த வெள்ளையின் பலன் கோடையில்தான். துரைமார் வீடுகளில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நனைத்துக்கொண்டே இருப்பார்கள். மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும்வரை அது ஜில்லென்று வேலை செய்யும். கடல் காற்று புகுந்து புழுக்கம் ஏறிட்டா அவ்வளவாக எடுபடாது.

ஆனால் என்னை அசத்தியது மெட்ராஸ் டெரஸ். மரக்கட்டைகளின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, கோணவாட்டில் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியாகத் தட்டோடு. எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு சாண் கனம். வெயில் அதைத் தாண்டி உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சிமென்ட் வந்ததும் இந்தக் கதை மாறியது. வேடிக்கை என்னன்னா, 1904இல் மதராஸில் தொடங்கிய சிமென்ட் ஆலையும் கடல் கிளிஞ்சலைத்தான் நம்பியிருந்தது. அந்த ஆலை நிலைக்கவில்லை, சிமென்ட் நிலைத்துவிட்டது.

வெப்பத்தை முழுசாக வெளியே நிறுத்திய கட்டடமும் மதராஸில் உண்டு. 1842இல் டியூடர் கம்பெனி கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் அது. அமெரிக்காவில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் வந்த பனிக்கட்டி அதற்குள் உருகாமல் கிடந்தது. பிறகு அதை வாங்கிய பிலிகிரி ஐயங்கார், மனிதர் வசிப்பதற்காக வராந்தாவும் ஜன்னல்களும் சேர்க்க வேண்டியிருந்தது. ஐஸுக்கு அடைப்பு போதும், ஆளுக்குக் காற்றும் வேணும். இன்றைய ஏசி வீடுகள் பாதி ஐஸ் ஹவுஸ்தான்: ஜன்னலைச் சாத்தியாச்சு, மரத்தூளைத்தான் காணோம்.

நான் இருப்பது கடைசி மாடி. பகலெல்லாம் வெந்த கான்கிரீட், ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட்டு வருகின்றன. நல்ல ஏற்பாடு, ஆனா தலைக்குமேல் அடுப்பு எரியும்போது 24ஐப் பிடிக்கவே அது விடாமல் ஓடணும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும்.

கான்கிரீட் தளத்தின்மேல் சுர்க்கி போட்டுத் தட்டோடு பதிக்கிறோமே, அது மெட்ராஸ் டெரஸின் மேல்பாதிதான். எங்கள் கட்டடத்தில் மழை ஒழுகாத அளவுக்கு மட்டும் மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் வெள்ளை அடிக்கலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டேன். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது, வெயில் மட்டும் உங்களுக்கா என்று ஒருவர் சிரித்தார். பில்லும் எனக்குத்தானே சார் வருதுன்னேன். மாசி பிறப்பதற்குள் அடித்துவிடணும். செலவை யார் தலையில் போடுவது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.