பூட்டபிள் பென்டிரைவ்

இயங்குதளம் கெட்டுப்போன மடிக்கணினியை வெளியிலிருந்து துவக்கி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ உதவும் பென்டிரைவ் இது. சேமிப்பகம் மலிவானதால்தான் இது பரவியது என்று சொல்வதுண்டு. அது போதுமான விளக்கம் ஆகாது. 8 எம்பி கொள்ளளவுள்ள பென்டிரைவை ஐபிஎம் 2000-லேயே விற்றது. அந்நாளைய துவக்க நெகிழ்வட்டு ஒன்றுக்கு 1.44 எம்பியே போதுமாயிருந்தது. இடம் இருந்தும் பென்டிரைவ் துவக்கக் கருவியாக நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. தடையாக நின்றது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் துவக்க நிரல்தான்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் துவக்க நிரலான பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வட்டின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். சிடியிலிருந்து துவக்குவதற்கு 1995-இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் ‘எல் டொரிட்டோ’ என்ற தனி விதிமுறையையே வகுக்க வேண்டியிருந்தது. பென்டிரைவுக்கு அப்படி ஒரு பொது உடன்பாடு இல்லை. ஒரு பயாஸ் அதை நெகிழ்வட்டாகக் கருதும், இன்னொன்று வன்தட்டாகக் கருதும். ஒரு கணினியில் துவங்கிய பென்டிரைவ் அடுத்ததில் துவங்காமல் போகலாம். 2007-இல் ஆசுஸ் ஈ பிசி சிடி டிரைவே இல்லாமல் வந்தபோது இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டே லினக்ஸ் துவக்க நிரல்களை உருவாக்கும் சிஸ்லினக்ஸ் திட்டம் அழகான வழி ஒன்றைக் கண்டது. சிடியின் நகலான ஐஎஸ்ஓ கோப்பின் தொடக்கத்தில் சிடி பயன்படுத்தாமல் விடும் 32 கேபி இடத்தில், வன்தட்டுக்குரிய துவக்கக் குறிமுறையை எழுதியது. அதனால் ஒரே கோப்பு சிடியிலும் பென்டிரைவிலும் துவங்கியது.

பயாஸின் இடத்துக்கு யுஇஎஃப்ஐ வந்தபின் நிலைமை அடியோடு மாறியது. அது ஃபேட்32 பகிர்வைப் படித்து, குறித்த கோப்புறையில் உள்ள துவக்கக் கோப்பைத் தானே இயக்கும். ஆனால் ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. விண்டோஸின் நிறுவல் கோப்போ சில பதிப்புகளில் அதைத் தாண்டிவிட்டது. 2011-இல் பீட் பட்டார்ட் வெளியிட்ட, பூட்டபிள் பென்டிரைவ் உருவாக்கும் மென்பொருளான ரூஃபஸ், பின்னர் இதற்கும் வழி செய்தது: பெரிய கோப்புகளை என்டிஎஃப்எஸ் பகிர்வில் வைத்து, அதைப் படிக்கத் தேவையான சிறு நிரலைத் தனியொரு ஃபேட் பகிர்வில் சேர்த்தது.

மடிக்கணினியிலேயே மீட்புப் பகிர்வு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பகிர்வு இருப்பதும் இயங்குதளம் இருக்கும் அதே எஸ்எஸ்டியில்தான். எஸ்எஸ்டி பழுதானால் மீட்புப் பகிர்வும் சேர்ந்தே போகும். புதிதாக வாங்கிப் பொருத்தும் எஸ்எஸ்டியோ வெறுமையாக இருக்கும். பென்டிரைவோடு வரும் எவரும் கணினியைத் திறந்து பார்த்துவிடலாமே என்பது இதைவிட வலுவான எதிர்வாதம். கையொப்பமிடப்பட்ட நிரலை மட்டுமே துவங்க விடும், விண்டோஸ் 8-உடன் பரவிய செக்யூர் பூட் இதற்கு முழுத் தீர்வன்று. உபுண்டு போன்ற கையொப்பமிடப்பட்ட லினக்ஸ் அதையும் கடந்து துவங்கும். கோப்புகளைக் காப்பது பிட்லாக்கர் போன்ற குறியாக்கமே. அக்குறியாக்கம் உரிமையாளருக்கும் பொருந்தும் என்பதால், மறுநிறுவலுக்கு முன் பழைய கோப்புகளை எடுக்க வேண்டியவருக்குப் பென்டிரைவோடு பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் குறியீடும் தேவைப்படும்.