நீலப் பயணம்: ஓர் இலக்கிய வட்டம் கடலுக்கு இட்ட பெயர்

இலக்கிய வட்டம் ஒன்று பின்வரும் தலைமுறைக்கு எதனை விட்டுச் செல்கிறது? நூல்கள் சில, இதழ்கள் சில, நண்பர்களின் நினைவுகள் சில என்பதே வழக்கமான விடை. துருக்கியின் தென்மேற்குக் கரையில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கூடிய ஒரு வட்டமோ, இவற்றோடு ஒரு கடற்பயணத்தையும் விட்டுச் சென்றது. இன்று கோடைதோறும் போட்ரும், மர்மாரிஸ், ஃபெத்தியே ஆகிய துறைகளிலிருந்து மரக்கலங்கள் விடுமுறைப் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. விரிகுடாக்களில் தங்கித் தங்கிச் செல்லும் அப்பயணத்திற்கு 'மாவி யொல்ஜுலுக்', அதாவது நீலப் பயணம், என்று பெயர். சுற்றுலா விளம்பரத்தில் அப்பெயரைக் காண்போர் அதனை வணிகர் எவரோ இட்டதென்று கருதக்கூடும். அது தண்டனையாகத் தொலைவூருக்கு அனுப்பப்பட்ட ஓர் எழுத்தாளரிடமிருந்தும் அவருடைய நண்பர்களிடமிருந்தும் வந்தது என்பதே வரலாறு.

தண்டனையாக வாய்த்த ஊர்

அவ்வெழுத்தாளர் ஜெவாத் ஷாகிர். உயர்குடியிற் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர்; இஸ்தான்புல் இதழ்களில் எழுதியும் ஓவியம் வரைந்தும் வாழ்ந்தவர். படையை விட்டு ஓடிய வீரர்கள் தூக்குமேடைக்குச் செல்வதைப் பற்றி 1925ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு படைப்பு வார இதழொன்றில் வெளிவந்தது. நாட்டின் கிழக்கில் கிளர்ச்சி மூண்டிருந்த காலம் அது. படையினரின் மனவுறுதியைக் குலைத்தார் என்று குற்றஞ்சாட்டிய அங்காராவின் சிறப்பு நீதிமன்றம், அவரை மூன்றாண்டுகள் போட்ரும் ஊரில் காவலில் இருக்குமாறு அனுப்பியது.

அந்நாளில் போட்ரும், தரைவழியே சென்றடைவதற்கு அரிய சிற்றூர். மீன்பிடித்தலும் கடற்பஞ்சு குளித்தலும் அங்குள்ளோரின் தொழில்கள். ஆயினும், இதே மண்ணில்தான் பண்டைய ஹாலிகார்னாசஸ் நகரம் இருந்தது. வரலாற்றின் தந்தை எனப்படும் ஹெரொடோட்டஸ் பிறந்த ஊர் அது. உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்ட மௌசோலஸ் மன்னனின் கல்லறை எழுந்ததும் அங்கேதான். அதன் கற்களைப் பெயர்த்தே பிற்காலத்துச் சிலுவைப்போர் வீரர்கள் துறைமுகக் கோட்டையைக் கட்டினர். தண்டிக்கப்பட்டு வந்தவர் இவ்வூரின்மேல் காதல் கொண்டார். தண்டனையின் பிற்பகுதியை இஸ்தான்புலில் கழித்து முடித்தபின், தாமே விரும்பி இங்குத் திரும்பினார். மீன் பிடித்தார், தோட்டக்காரராக உழைத்தார், அயல்நாட்டு மரங்களை வருவித்து நட்டார். 'ஹாலிகார்னாசஸ் மீனவன்' என்பதையே தம் புனைபெயராக்கிக் கொண்டார். பிள்ளைகளின் கல்வி கருதி 1947இல் இஸ்மீருக்குக் குடிபெயர்ந்த பின்னரும் அவருடைய எழுத்து இக்கடலை விட்டு அகலவில்லை. 1946இல் வந்த 'அகாந்தா புரினா புரினாத்தா' நாவலும், 1961இல் வந்த 'நீல நாடுகடத்தல்' என்னும் தன்வரலாறும் அதற்குச் சான்று.

பஞ்சுப் படகில் எழுத்தாளர்கள்

1940களின் நடுப்பகுதியில் மீனவர் தம் நண்பர்களைப் படகேற்றிக் கோக்கொவா விரிகுடாவுக்கு அழைத்துச் செல்லலானார். கட்டுரையாளரும் மொழிபெயர்ப்பாளருமான சபஹத்தின் எயூபோலு, அவருடைய தம்பியும் கவிஞருமான ஓவியர் பெத்ரி ரஹ்மி, பின்னாளில் வந்து சேர்ந்த கிரேக்க, இலத்தீன் அறிஞர் அஸ்ரா எர்ஹாத் முதலியோர் அவ்வட்டத்தினர். ஏறியவை கடற்பஞ்சு குளிப்போரின் எளிய படகுகள். தண்ணீர், பாலாடைக்கட்டி, காய்ந்த ரொட்டி, புகையிலை, ராக்கி மது ஆகியவை கையிருப்பு. மற்றதைக் கடல் தரும். நாளிதழுக்கும் வானொலிக்கும் படகில் இடமில்லை. படுக்கை மேல்தளத்தில், விண்மீன்களின் கீழ்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் பொருந்தாது. 1940இல் துருக்கியக் கல்வி அமைச்சகம் நிறுவிய மொழிபெயர்ப்புப் பணியகத்தில் எயூபோலுவும் எர்ஹாத்தும் பணியாற்றியவர்கள். உலகச் செவ்வியல் நூல்களைத் துருக்கிய மொழிக்குக் கொணரும் அப்பெருமுயற்சி, அமைச்சர் ஹசன் ஆலி யூஜெல் 1946இல் பதவி விலகியபின் தளர்ந்தது. 1948இல் எர்ஹாத் தம் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். அரசின் கூடங்களில் இடங்குறுகியோருக்குப் படகின் தளமே கல்விக்கூடமாயிற்று. எர்ஹாத், கவிஞர் ஆ. காதிருடன் இணைந்து மொழிபெயர்த்த ஹோமரின் 'இலியட்' 1958 முதல் வெளிவரலாயிற்று. அவருடைய 'நீலப் பயணம்' என்னும் நூல் 1962இல் வந்தது. அதன்பின் ஒரு நண்பர் குழுவின் வழக்கு நாட்டின் பொதுச்சொல்லாயிற்று.

1971ஆம் ஆண்டின் இராணுவத் தலையீட்டுக்குப் பின், மறைமுக அமைப்பு நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு எயூபோலுவும் எர்ஹாத்தும் சிறையிலடைக்கப்பட்டனர், பின்னர் விடுதலையாயினர். 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எயூபோலு மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மீனவரும் மறைந்தார். மீனவரின் உடல் போட்ருமில் அடக்கம் செய்யப்பட்டது.

கலத்தின் கதை

இவர்களைச் சுமந்த கலங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னும் பின்னும் ஒன்றுபோல் கூர்ந்தது 'திர்ஹாந்தில்'. அகலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமுடைய இது அலையில் நிலைத்து நிற்கும். பின்புறம் உருண்டு அகன்ற இரு பாய்மரக் கலம் 'குலெட்'. அருகிலுள்ள மலைகளின் செம்பைன் மரமே இரண்டுக்கும் உரியது. இயல்பாக வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேர்ந்து விலாச்சட்டங்களாக்குவது தச்சரின் கைத்திறன்.

இக்கரையின் கடற்பஞ்சு குளிப்போர் அறிவுலகுக்குச் செய்த உதவியும் பெரிது. கெலிதோன்யா முனையில் அவர்கள் அடையாளங் காட்டிய வெண்கலக் காலக் கப்பற்சிதைவு 1960இல் அகழப்பட்டது. 1982இல் ஒரு குளிப்பாளர், தாம் கடலடியில் கண்ட, காதுகள் வைத்த ரொட்டி போன்ற உலோகத் துண்டுகளைப் பற்றிக் கூறினார். அவ்வாறு வெளிப்பட்டதே உலுபுருன் கப்பல். கி.மு. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த அது, சுமார் பத்து டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் ஏற்றிச் சென்றது. அதன் பொருள்கள் இன்று போட்ரும் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளன.

அதே 1982ஆம் ஆண்டில் வேறு இரண்டும் நிகழ்ந்தன. மார்ச்சில் சுற்றுலா ஊக்குவிப்புச் சட்டம் நிறைவேறிற்று. செப்டம்பரில் அஸ்ரா எர்ஹாத் மறைந்தார். பெயரைப் பரப்பியவர் போய்ச் சேர்ந்த ஆண்டிலேயே, அப்பெயரை விற்கும் தொழிலுக்கு வழி அகலமாகத் திறந்தது எனலாம். 1986இல் மத்தியதரைக் கடலின் பஞ்சுகளை நோய் தாக்கியது. முன்பே நலிந்திருந்த குளிப்புத்தொழில் மேலும் ஒடுங்கிற்று. படகுகள் பயணிகளுக்கென மாறின. அறைகளும் குளியலிடங்களும் வேண்டியிருந்ததால் கலத்தின் உடல் பருத்தது. இன்று குலெட்டுகள் பெரும்பாலும் பொறியின் விசையிலேயே ஓடுகின்றன. பாய் விரிவது அருமை. 1989இல் தொடங்கிய போட்ரும் கோப்பைப் பாய்க்கலப் போட்டி, அவ்வருமையை நீக்க முயலும் நல்முயற்சியாகும்.

நீலத்தின் மௌனம்

அவ்வட்டத்தைப் போற்றுங்கால் அதன் குறையையும் கூறுதல் கடன். ஹோமரும் ஹெரொடோட்டஸும் அனத்தோலிய மண்ணின் மைந்தர். இம்மண்ணில் வாழ்ந்த எல்லா நாகரிகங்களுக்கும் இங்கு வாழ்வோரே வழித்தோன்றல்கள். இதுவே அவர்களுடைய கொள்கை. இனத்தூய்மை பேசுவோருக்கு அது தக்க மறுமொழியாக இருந்தது. ஆனால் 1923ஆம் ஆண்டின் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையால் பன்னிரண்டு இலட்சம் அளவிலான கிரேக்கக் கிறித்தவர்கள் அனத்தோலியாவை இழந்தமை அண்மை நிகழ்ச்சி. மறுபுறம், கிரீட் தீவை இழந்து போட்ருமில் குடியேறிய முஸ்லிம்கள் வீட்டில் கிரேக்க மொழியே பேசினர். 'திர்ஹாந்தில்' என்னும் சொல்லும் கிரேக்கப் படகுப்பெயரோடு உறவுடையது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரேக்கரை அன்போடு உரிமை கொண்டாடியவர்கள், நேற்று வெளியேறிய அயலாரைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினர் என்று ஆய்வாளர் சிலர் சுட்டுவது புறக்கணிக்கத்தக்கதன்று.

பெயரும் பொருளும்

ஃபெத்தியேயை அடுத்த கோஜெக் விரிகுடாவில், கரையோரப் பாறையொன்றில் பெத்ரி ரஹ்மி வரைந்த மீன் ஒன்று உண்டு. அவ்விடம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. குலெட்டுகள் அங்கு நங்கூரமிடுகின்றன. நீந்திக் கரையேறுவோர் அம்மீனைக் காண்கின்றனர். வரைந்தவர் கவிஞர் என்பதையும், அவர் வந்த படகில் என்ன பேசப்பட்டது என்பதையும் அறியாதோர் அவர்களுள் பலராக இருத்தல் கூடும்.

இதனை இழப்பு என்று மட்டும் சொல்வதற்கில்லை. சுற்றுலா வந்ததால்தான் தச்சரின் உளி ஓயவில்லை. மரக்கலம் அருங்காட்சியகப் பொருளாகவில்லை. ஆயினும் தாளும் வானொலியும் துறந்து, அறிந்ததைப் பகிர்ந்துகொள்ளச் சென்ற பயணம், எல்லா வசதியும் நாடும் பயணமாயிற்று. பெயரைக் காலம் காத்துத் தந்துவிட்டது. அதன் பொருளைக் காக்கும் பொறுப்பு காலத்தினுடையதன்று, படிப்போருடையது. எர்ஹாத்தின் நூலும் மீனவரின் கதைகளும் படிக்கப்படும் வரையில் நீலப் பயணம் விடுமுறையின் பெயராக மட்டும் சுருங்கிவிடாது.