டோராவுக்குப் பதில் சொன்ன குழந்தைகள்

பார்க்கும் குழந்தையிடம் கேள்வி கேட்டு, சில நொடிகள் காத்திருந்து, பதில் கிடைத்ததுபோலவே பேச்சைத் தொடரும் கதாபாத்திரங்கள் கொண்டவை பங்கேற்பு நிகழ்ச்சிகள் எனப்படும். இவற்றின் முன்னோடி, அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 1953இல் தொடங்கிய 'விங்கி டிங்க் அண்ட் யூ'. குழந்தைகள் திரைமேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, கதைநாயகன் கடந்து செல்லப் பாலம் வரைந்து கொடுத்தனர். 1996இல் நிக்கலோடியனில் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' கேள்விக்குப் பின் மௌனம் விடும் முறையைப் பரவலாக்கியது. ஒரே பகுதி தொடர்ந்து ஐந்து நாட்கள் ஒளிபரப்பானது. திரும்பத் திரும்பப் பார்த்த குழந்தைகள் கூடுதலாகப் பதில் சொன்னதை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. 2000இல் டோரா வந்தாள்.

தமிழ்நாட்டில் 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குச் சென்றன. 2007இல் திருப்பெரும்புதூரில் சாம்சங் ஆலை தொலைக்காட்சி உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் சன் குழுமத்தின் சுட்டி டிவியும் வந்தது. அதில் ஒளிபரப்பான 'டோராவின் பயணங்கள்' வழியாக டோராவும் புஜ்ஜியும் குள்ளநரியும் தமிழ் பேசினர்.

திரையில் இருப்பவர் தம்மைக் கேட்கிறார் என்று குழந்தைகள் நம்புகிறார்களா? உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் குழுவினரின் 1990ஆம் ஆண்டு ஆய்வில், படத்தில் தெரியும் சோளப்பொரி, பெட்டியைக் கவிழ்த்தால் கொட்டிவிடும் என்று மூன்று வயதினர் பலர் கூறினர். நான்கு வயதினர் பெரும்பாலும் அப்படிக் கூறவில்லை. அதனினும் இளையோரிடம் சிக்கல் வேறு வகையானது. பக்கத்து அறையில் பொம்மை ஒளிக்கப்படுவதைக் காணொளியில் பார்த்த இரண்டு வயதினர் பலரால் அதைத் தேடி எடுக்க இயலவில்லை என ஜார்ஜீன் டிரோசெத், ஜூடி டிலோச் ஆகியோர் 1998இல் கண்டறிந்தனர். திரையில் காண்பது தம்மைச் சுற்றியுள்ள உலகைப் பற்றிய செய்தி என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் திரையில் தோன்றியவர் நேரலையில் குழந்தையின் பெயர் சொல்லி, அதன் பேச்சுக்கு ஏற்ப மறுமொழி தந்தபோது, அவர் சொன்ன தகவலை இரண்டு வயதினரும் பயன்படுத்தினர் என்று 2006இல் டிரோசெத் குழுவினர் காட்டினர்.

டோராவின் காத்திருப்பு இத்தகைய மறுமொழி அன்று. குழந்தை சரியாகச் சொன்னாலும், தவறாகச் சொன்னாலும், பேசாமல் இருந்தாலும் அவள் பாராட்டு ஒன்றே. எனவே, பதிலைக் கேட்டுத் திருத்தவும் மேலும் பேசவும் அருகில் ஒருவர் இருப்பது இன்றியமையாதது. திரை கேள்வியை எழுப்பும். பதிலைக் கேட்பது வீட்டாரின் காதுதான்.