மாதேஸ்வரன் மலை பஸ்ஸும் பனிச்சறுக்கு வாத்தியாரும்

போன மாசம் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பதற்கான முதல் நிலைச் சான்றிதழ் கைக்கு வந்தது. உடனே கொள்ளேகாலுக்கு போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏம்ப்பா, கீழே விழுறதுக்குக் காசு கட்டிப் படிச்சியா?" என்றார். பாதி சரிதான் :-) விழுந்தவரை எழுப்பி நிறுத்துவதும் பாடத்தில் உண்டு.

இங்கே கால்கரியில் நம்ம குடும்பங்களை மலையில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் வெளியே சறுக்கும். அப்பா அம்மா உள்ளே கண்ணாடி ஜன்னலோரம் பிளாஸ்க் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். "இதெல்லாம் பனியிலேயே பிறந்தவன் செய்யற வேலை, நமக்கு ஆகாது" என்று ஒரு வசனம் வேறு. ஒன்பது வருஷம் நானும் அதைச் சொன்னவன்தான். "நீ ஏம்ப்பா எப்பவும் உள்ளேயே இருக்கே?" என்று மகள் கேட்ட பிறகுதான் எழுந்தேன். படிக்கப் போன இடத்தில் இதன் வரலாற்றையும் தேடிப் படித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், இந்த வாத்தியார் தொழிலே பனியில் பிறக்காதவர்களுக்காக உண்டானது!

கதை 1888-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் நார்வேக்காரர் நான்சன், சறுக்குப்பலகை கட்டிக்கொண்டு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் இருந்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி என்பவர் நார்வேயிலிருந்து பலகை வரவழைத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. தானே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். நார்வேயின் மென்சரிவுகளுக்கான முறை ஆல்ப்ஸின் செங்குத்துக்கு ஒத்துவரவில்லை என்று கண்டு, பலகையையும் கட்டையும் மாற்றினார், புது முறை வகுத்தார். 1896-ல் அதைப் புத்தகமாக்கினார். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் கற்றும் கொடுத்தார்.

அந்த முறையின் சூட்சுமம் கொள்ளேகால்காரனுக்குப் புதுசு இல்லை. மாதேஸ்வரன் மலை பஸ் எப்படி இறங்குகிறது? நேராகவா? கொண்டை ஊசி வளைவுகளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திரும்பித் திரும்பித்தானே? சறுக்குவதும் அதேதான். வளைவு அழகுக்காக இல்லை, வேகத்தை அடக்குவதற்காக. பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பைப் பனியில் அழுத்தினால் அது கீழ் கியர். இங்கே குழந்தைகளுக்கு அதை 'பீட்சா' என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

இதை ஒரு பள்ளிக்கூடப் பாடமாக மாற்றியவர் ஹான்னஸ் ஷ்னைடர். 1907-ல் ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டன் ஊரில் ஹோட்டல் விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்தபோது அவருக்கு இருபது வயது கூட ஆகவில்லை. முதல் உலகப் போரில் மலைப்படை வீரர்களைப் பயிற்றுவித்தார். கூட்டமாக வருகிறவர்களுக்கு, குறைந்த காலத்தில், படிப்படியாகச் சொல்லித்தர வேண்டிய கட்டாயம். போர் முடிந்து 1920-களில் அவர் நடத்திய பள்ளியில் திறமைக்கு ஏற்ப வகுப்புகள் இருந்தன. எல்லா வாத்தியார்களும் ஒரே பாடத்தை ஒரே வரிசையில் சொன்னார்கள். முதலில் பீட்சா, அப்புறம் அதிலிருந்து வளைவு, கடைசியில்தான் இரண்டு பலகையும் இணையாக. இன்றைக்கு முதல் நிலைப் பாடத்தின் எலும்புக்கூடும் அதுதான்.

இப்போ நம்ம ஊர் சம்பந்தம். 1888-லேயே சென்னையில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ஆர்னால்ட் லன். அப்பா ஹென்றி லன் மெதடிஸ்ட் மிஷனரி. குடும்பம் சீக்கிரமே இங்கிலாந்து திரும்பிவிட்டது. பிறகு ஹென்றி லன் ஆங்கிலேயர்களை ஆல்ப்ஸுக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் தொழிலில் இறங்க, மகன் பனிச்சறுக்கில் இறங்கினார். 1909-ல் வேல்ஸில் மலையேறும்போது விழுந்து கால் நொறுங்கி, ஒரு கால் சில அங்குலம் குட்டையாகிவிட்டது. அதோடும் விடவில்லை. 1922-ல் சுவிட்சர்லாந்தின் மியூரனில் கொடிகளை நட்டு, அவற்றின் நடுவே வளைந்து இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் போட்டி வைத்தார். ஒலிம்பிக்கில் இன்று பார்க்கும் ஸ்லாலம் போட்டி அப்படி வந்ததுதான். சென்னையில் பிறந்தவர்!

லன்னும் ஷ்னைடரும் சேர்ந்து 1928-ல் ஆர்ல்பர்க் காந்தஹார் பந்தயத்தைத் தொடங்கினார்கள். 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் ஷ்னைடரைக் கைது செய்தார்கள். அந்த வருஷப் பந்தயத்தை லன் ரத்து செய்தார். 1939-ல் ஷ்னைடர் அமெரிக்காவின் நார்த் கான்வேக்கு வந்து இறங்கியபோது, பிள்ளைகள் சறுக்குக்கோல்களைத் தூக்கிப் பிடித்துத் தோரணம் கட்டி வரவேற்றார்களாம். ஊரை விட்டு வந்த வாத்தியார்! நமக்குப் புரியாதா என்ன?

சான்றிதழ் வந்த காலமும் அதுவே. கூட்டம் பெருகியதும் யார் வேண்டுமானாலும் வாத்தியார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நிலை ஆபத்தாகிவிட்டது. 1938-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பயிற்றுநர் தேர்வு வைத்தார்கள். அதே வருஷம் கனடாவிலும் பனிச்சறுக்குப் பயிற்றுநர் கூட்டமைப்பு உருவானது. முதல் நிலைத் தேர்வில் நீங்கள் எவ்வளவு வேகமாகப் போகிறீர்கள் என்பதை யாரும் அளப்பதில்லை. அடக்கமாக வளைந்து இறங்கத் தெரிகிறதா, பயந்த ஒருவரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவரத் தெரிகிறதா, இவ்வளவுதான்.

இந்தியாவிலும் இது ராணுவத்தின் தேவையிலிருந்துதான் வேர்விட்டது. குல்மர்க்கில் 1920-களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சறுக்கினார்கள். 1948 நவம்பர் 1 அன்று ஜோஜி லா கணவாயில் இந்திய டாங்கிகள் ஏறியது பலருக்கும் தெரிந்த கதை. அந்தப் பாதையைச் சீர்செய்தவர்கள் 'தம்பி'கள் என்று அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்ஸ் படையினர். அந்தப் போரை நடத்திய தளபதி திம்மய்யா பிறந்த ஊர் குடகின் மடிக்கேரி. பனியில் போரிடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று உணர்ந்து, அதே வருஷம் குல்மர்க்கில் தன் டிவிஷனுக்கு ஒரு சறுக்குப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய உயரமலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்தது. காபித் தோட்டத்து ஊர்க்காரர் தொடங்கிய பனிப்பள்ளி!

அப்போது குடகு தனி மாநிலம், எங்கள் கொள்ளேகால் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டம். 1956-ல், அதே நவம்பர் 1 அன்று, இரண்டும் மைசூர் மாநிலத்தில் சேர்ந்தன. அப்பா வீட்டை விட்டு நகரவே இல்லை, மாநிலம் மட்டும் மாறியது. எது நம்முடையது, எது அடுத்தவனுடையது என்பதெல்லாம் அவ்வளவு உறுதியான கோடு இல்லை.

போன சனிக்கிழமை என் முதல் வகுப்பு. ஆறு பேரில் நம்மூர் அம்மா ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல். இத்தனை வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்தவர். பலகையை மாட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, போறது அப்புறம் இருக்கட்டும். நிக்கிறது எப்படின்னு மட்டும் முதல்ல சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பாடத்திலும் அதுதான் முதலில் வருகிறது.