ஆகோ குடாவின் மூழ்கு மகளிர்

வளர்ப்பு முத்தின் வரலாறு என்றதும் ஒரு பெயரே முன்னிற்கிறது. யப்பானின் மியே மாநிலத்திலே, 1893ஆம் ஆண்டில், கோக்கிச்சி மிக்கிமோட்டோ சிப்பியினுள் அரைக்கோள முத்தை விளைவித்தார், அது உண்மை. ஆனால் அச்சிப்பிகளைக் கடலடியிலிருந்து கொணர்ந்தோர் யாவர்?

‘அமா’ எனப்படும் மூழ்கு மகளிரே அவர்கள். மன்னார்க் கடலிலே படகிலிருந்து மூழ்கிய ஆடவரை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். சீமா தீபகற்பத்து ஊர்களில் இத்தொழிலைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். மரத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு கரையிலிருந்து நீந்திச் சென்று மூழ்குவோர் ‘கச்சிடோ’. கணவன் படகிலிருந்து கயிற்றைப் பிடிக்க, ஆழத்தில் இறங்குவோர் ‘பூனடோ’. மூச்சடக்குவது ஏறத்தாழ ஒரு நிமிடம். மேலெழுந்ததும் விடும் மூச்சு சீழ்க்கையாக ஒலிக்கும். பெண்ணுடல் குளிரைத் தாங்கும் என்பது வழக்கமான விளக்கம். அவர்கள் உழைப்பிலேயே பல வீடுகளின் அடுப்பு எரிந்தது என்பதைச் சொல்வோர் குறைவு.

தீவுகள் செறிந்து அலையடங்கிய ஆகோ குடாவிலே மிக்கிமோட்டோவின் பண்ணை அமைந்தது. தெப்பங்களில் கூடைகளைத் தொங்கவிடும் முறை பரவுமுன்னர், கருப்பொருள் வைத்த சிப்பிகள் குடாவின் அடித்தரையிலேயே இடப்பட்டன. அவற்றை இடுவதும், ஆண்டுகள் சில சென்றபின் எடுப்பதும் அமாக்களின் பணி. 1905இல் செந்நீர் பரவிப் பெருந்தொகைச் சிப்பிகள் மடிந்தன. இதனை முதலாளியின் மனவுறுதிக்கு நேர்ந்த சோதனையாகவே எழுதுகின்றனர். மடிந்த சிப்பிகளோடு எத்தனை பெண்களின் எத்தனை மூச்சுகள் வீணாயின என்ற கணக்கை எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

தெப்பமுறை நிலைபெற்றதும் முத்துத் தொழிலுக்கு அமா வேண்டாதவளானாள். அவள் அபலோன் சிப்பிக்கும் கடற்பாசிக்கும் திரும்பினாள். 1951இல் தோபாவிலே மிக்கிமோட்டோவின் முத்துத்தீவு பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. முன்னர் இடுப்புத்துணி மாத்திரம் அணிந்து மூழ்கியவர்கள் அங்கே வெள்ளாடையுடன் காட்சிக்கு மூழ்கலாயினர். அவ்வாடை சுறாவை வெருட்டும் என்பாருமுளர். உண்மையில் அது பார்ப்போர் கண்ணுக்காக வந்தது என்றே கருத வேண்டியிருக்கிறது.

1950களில் நாடெங்கும் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட அமாக்கள் இருந்தனர். தோபா, சீமா அமாக்களின் தொழில் நுட்பத்தை 2017இல் அரசு பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தபோது, எஞ்சியிருந்தோர் இரண்டாயிரம் அளவினரே. அவர்களுட் பலர் அறுபது வயதைக் கடந்தவர்கள்.